கோபுரம் பேசாத முக்கால் நிமிடம்

ஜூன் 3

மருமகளுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சாப்பாட்டு மேசையில் மறுவிசாரணை மனுவை வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்துவிட்டுத்தான் அன்று கண் டாக்டரிடம் போனேன். திரும்பி வந்தபோது மனு இருந்தது, பேனா இருந்தது, நீ இல்லை. குளிர்பெட்டியில் மூன்று நாளைக்குச் சமைத்து வைத்திருந்தாய். அதை நான் தொடவில்லை என்பதைத் தெரிந்துகொள்.

நீ எங்கே போனாய் என்பதை எதிர்வீட்டுக்காரி சொல்லி நான் அறிய வேண்டியிருந்தது. மாடிப்படியில் நிறுத்தி, "என்னம்மா, உங்க மருமக ஏரோப்ளேனுக்கு வழி சொல்ற வேலைக்குப் படிக்கப் போயிருக்காளாமே? டவர்லயே உட்காந்து பேசணுமாமே?" என்றாள். "ஆமாம், நான்தான் அனுப்பினேன்" என்றேன். எழுபத்தொரு வயதில் உன்னால் எனக்கு ஒரு பொய்.

உனக்கு மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். உன் கணவன், என் ஒரே மகன், அந்தச் சிறிய சரக்கு விமானத்தில் தனியாகக் கிளம்பினான். ஏறும்போதே இயந்திரம் நின்றுபோனது. திரும்பி வருகிறேன் என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னான். இறங்கலாம் என்று ஒரு பதில் வந்தது. அதன்பின் சுற்றுச்சுவருக்கு வெளியே விழும்வரை, முக்கால் நிமிடம், கோபுரத்திலிருந்து அவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இது நான் சொல்வதில்லை. விசாரணை அறிக்கை சொல்கிறது. சொல்லிவிட்டு, 'பணியிலிருந்த கட்டுப்பாட்டாளர் மீது குறையில்லை' என்றும் முடிக்கிறது. அந்த ஆளின் பெயரைக்கூடப் போடவில்லை.

ஊரில் இத்தனை வேலை இருக்க, வாயை மூடிக்கொண்டு என் பிள்ளையைச் சாகவிட்ட நாற்காலியில் உட்காரவா போயிருக்கிறாய்?

மனு மனைவியின் கையெழுத்தில்தான் போக வேண்டும். தாய்க்கு அந்த உரிமை இல்லையாம். ஆகஸ்ட் 31-க்குப் பிறகு அது குப்பைக் காகிதம். இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்பு.

தொலைபேசியில் அழைக்காதே. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நான் அதை எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அத்தை

*

ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் திட்டு குறையவில்லை.

சொல்லாமல் வந்தது தப்புதான். சொல்லியிருந்தால் நீங்கள் ஒரு பார்வை பார்த்திருப்பீர்கள், நான் பெட்டியைத் திரும்பப் பிரித்து அடுக்கியிருப்பேன். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

மனுவில் கையெழுத்துப் போட நான் உட்கார்ந்தேன் அத்தை. 'கடமை தவறினார்' என்று ஒரு வரி இருக்கிறது. கடமை என்றால் என்ன, அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் என்னதான் செய்வார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் ஒரு மனிதனின் பிழைப்பை முடிக்கக் கை வரவில்லை. தெரிந்துகொண்டு போடலாமே என்று நினைத்தேன். முப்பது வயது முடியவில்லை, விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரத்தில் பார்த்தேன். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று கேட்டால், தெரியவில்லை.

இங்கே காலையில் வகுப்பு. காற்று, மேகம், விமான வகைகள், விதிகள். மத்தியானம் பயிற்சி அறை. இருட்டான வட்ட அறை, சுற்றிலும் திரை. திரையில் ஓடுபாதை, வானம், எல்லாம் நிஜம் போலவே தெரியும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை. அதை பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி, வரிசையாக முன்னால் அடுக்கி வைத்திருப்போம். பட்டை கையில் இருக்கும்வரை அந்த விமானம் நம் பொறுப்பு. பக்கத்து அறையில் ஆட்கள் உட்கார்ந்து மைக்கில் விமானி மாதிரி பேசுவார்கள். அதில் ஒரு அக்கா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே ஐந்து விமானம் ஓட்டுவாள்.

என் அறைத்தோழிக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தூக்கத்திலும் பேசுகிறாள். அவசர நிலைப் பயிற்சி கொடுக்கும் சாருக்குக் 'கல்லு சார்' என்று பெயர். பேசவே மாட்டார். நாம் தப்புச் செய்தால் பென்சிலை மேசையில் படுக்க வைப்பார். அவ்வளவுதான், உயிர் போய்விடும்.

என் அப்பாவின் முதலெழுத்தோடுதான் பதிவு செய்திருக்கிறேன். நான் யாருடைய மனைவி என்று இங்கே யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டைத் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மருந்தாவது தொட்டீர்களா?

உங்கள் மருமகள்

*

ஜூன் 22

மருமகளுக்கு,

மருந்து சாப்பிடுகிறேன். உனக்காக அல்ல.

'தெரிந்துகொண்டு போடலாம்' என்கிறாய். என் மகனுக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள உனக்கு ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது. எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஒருவன் தவிக்கிறான், மற்றவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான். கன்னியாஸ்திரீகள் எங்களுக்கு ஆறு வயதில் சொல்லிக்கொடுத்த பாவம் இது. இதற்குக் காற்றும் மேகமும் படிக்க வேண்டாம்.

எதற்கும் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் உன்னை விட்டுப் போகாது. முன்பு பார்த்த வேலை அப்படி. தொலைபேசியில் முன்பின் தெரியாதவர்கள் திட்டத் திட்ட, 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஐந்து வருடம் சொன்னவள் நீ. அந்தக் குணத்தை என் மகன் விஷயத்தில் காட்டாதே.

போனதுதான் போனாய், ஒரு காரியம் செய். அன்று கோபுரத்தில் இருந்தவன் யார் என்று அங்கே எவருக்காவது தெரிந்திருக்கும். கேள். பெயர் தெரிந்தால் மனு வலுவாகும் என்கிறார் வக்கீல்.

வடக்கு ஜன்னலை அடைத்துவிட்டேன். விமானச் சத்தம் குறையவில்லை. தட்டுகள் அதிர்வதும் நிற்கவில்லை.

அத்தை

'நியாபகம்' அல்ல, 'ஞாபகம்'. உறையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாய், தபால்காரரும் படித்திருப்பார்.

*

ஜூலை 9

அன்புள்ள அத்தைக்கு,

நல்ல செய்தி இல்லை. கெட்டது இரண்டு இருக்கிறது. சின்னதை முதலில் சொல்கிறேன்.

அவசர நிலைத் தேர்வில் தோற்றுவிட்டேன். பக்கத்து அறை அக்கா, இயந்திரம் நின்றுவிட்டது, திரும்புகிறேன் என்று சொன்னாள். ஓடுபாதை உங்களுக்குத்தான் என்று சொன்னேன். அதுவரை சரி. அதன்பின் காதில் ஒன்றுமே இல்லை. வெறும் இரைச்சல். என்னால் தாங்க முடியவில்லை அத்தை. பழைய வேலையில், லைனில் சத்தம் இல்லாமல் போனால் அது எங்கள் குற்றம், சம்பளத்தில் பிடிப்பார்கள். வாய் தானாகத் திறந்துவிட்டது. எத்தனை பேர் இருக்கிறீர்கள், எரிபொருள் எவ்வளவு, ஓடுபாதை தெரிகிறதா, கேட்கிறதா, கேட்கிறதா. அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நான்காவது பதிலின் நடுவில் திரையில் விமானம் இல்லை.

கல்லு சார் பென்சிலைப் படுக்க வைத்தார். பிறகு, முதல் தடவையாக, பேசினார்.

"அவனுக்குக் கை ரெண்டு. ரெண்டும் வேலையில இருக்கு. உனக்குப் பதில் சொல்ல மூணாவது கைக்கு எங்க போவான்?"

"உதவி பண்ணத்தானே சார் கேட்டேன்."

"இல்ல. உனக்குப் பயமா இருந்துச்சு, அதான் பேசின. அவனுக்காகப் பேசல."

மறுதேர்வு ஆகஸ்ட் இரண்டாவது வாரம். அதிலும் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இப்போது பெரியது. அன்று ராத்திரி நான் அழுதுகொண்டிருந்தபோது ரேடியோ என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்: "விடுடி. அந்தாளுக்கு இதுல ஒரு கதை இருக்கு. முன்னாடி டவர்ல பெரிய ஆளு. ரெண்டு வருஷம் முன்ன ஒரு சரக்கு விமானம் இவர் கண்ணு முன்னால விழுந்துச்சாம். குத்தம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா இவரே மைக்கு முன்னால உட்கார மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு இங்க வந்துட்டாரு."

அவர்தான் அத்தை.

நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மறைத்திருக்கலாம். மறைத்து உங்களுக்கு ஒரு வரி எழுத என்னால் முடியாது. மனு இன்னும் என் தலையணைக்கடியில்தான் இருக்கிறது.

உங்கள் மருமகள்

*

ஜூலை 13

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு நடு அறை நாற்காலியில் உட்கார்ந்தவள், விளக்குப் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

அந்த ஆள் பாடம் நடத்துகிறான். அவனுக்குச் சம்பளம் வருகிறது. வாயை மூடிக்கொண்டு இருந்ததை ஒரு வித்தையாக்கி, பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறான். நீ எதிரே உட்கார்ந்து 'சார், சார்' என்கிறாய். அவன் சொன்னதை எனக்கு எழுதவும் செய்கிறாய், ஏதோ ஞானம் கிடைத்த மாதிரி. மூன்றாவது கைக்கு எங்கே போவான் என்றானா? என் பிள்ளைக்குக் கை வேண்டியிருக்கவில்லை. ஒரு குரல் வேண்டியிருந்தது. 'நான் இருக்கிறேன்' என்று ஒரு குரல். பிச்சைக்காரனுக்குக்கூட அதை மறுக்க மாட்டோம்.

நீ யார் என்று அவனிடம் சொல். அவன் முகத்தைப் பார்த்துக் கேள், அந்த முக்கால் நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று. கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு. எனக்குக் கையெழுத்துதான் வேண்டும். விளக்கம் வேண்டாம்.

இதைச் செய்யாவிட்டால் நீ இந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. கோபத்தில் எழுதவில்லை. ஒருமுறை எழுதி, கிழித்து, மறுபடி எழுதியது இது.

அத்தை

*

ஆகஸ்ட் 2

மருமகளுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. வக்கீல் எதிர்வீட்டுத் தொலைபேசியில் இரண்டு முறை அழைத்துவிட்டார். "உங்க மருமக சைடுல என்னம்மா சொல்றாங்க?" என்கிறார். சைடாம்.

உடம்பு சரியில்லையென்றால் அதையாவது எழுது. எனக்கும் பதில் சொல்லாமல் இருக்கத்தான் அங்கே கற்றுக்கொண்டாயா?

அத்தை

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அத்தைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத ஆரம்பித்து ஆரம்பித்து நிறுத்தினேன். இன்று முழுக்க எழுதிவிடுகிறேன். நீங்கள் உட்கார்ந்து படியுங்கள், நின்றுகொண்டு வேண்டாம்.

போன வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நான் மட்டும் நின்றேன். கல்லு சார் பட்டைகளைச் சட்டத்திலிருந்து உருவிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் யாருடைய மனைவி என்று சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. எல்லாப் பட்டையையும் உருவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"முதல் நாளே தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"விசாரணை அன்னிக்கு வராந்தாவுல உட்காந்திருந்தீங்க, நீயும் உங்க அத்தையும். நான் எதிர்ப்பக்கம் நின்னேன். உங்க அத்தை என்னைப் பார்த்து, 'தம்பி, இங்க குடிக்கத் தண்ணி எங்க இருக்கு'ன்னு கேட்டாங்க. நான்தான் கொண்டு வந்து குடுத்தேன். யாருன்னு சொல்ல வாய் வரல."

எனக்கு அது நினைவில்லை. உங்களுக்கு இருக்கிறதா?

"தெரிஞ்சும் என்னைத் தோக்கடிச்சீங்களே" என்றேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. "பாவம்னு பாஸ் போட்டா, நாளைக்கு உன் கையில ஒருத்தன் போவான்" என்றார்.

அப்புறம் நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன், உங்கள் வார்த்தையிலேயே. அவர் மறுநாள் பள்ளித் தலைவரிடம் அனுமதி வாங்கி என்னைப் பதிவு அறைக்குக் கூட்டிப் போனார். அன்றைய ஒலிப்பதிவு அங்கே இருக்கிறது. மனைவி என்ற முறையில் கேட்க எனக்கு உரிமை உண்டு. அன்றே கேட்கலாம் என்றார்கள், நான்தான் மாட்டேன் என்றேன், நினைவிருக்கும். இந்த முறை கேட்டேன்.

அவர் குரல் இருந்தது. உங்கள் பிள்ளையின் குரல். பயப்படவில்லை அத்தை. காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற மாதிரி இருந்தது. இயந்திரம் நின்றது, திரும்புகிறேன். உடனே இவர் குரல்: ஓடுபாதை உங்களுடையது, எந்தப் பக்கத்திலிருந்தும் இறங்கலாம், காற்று இன்னது. பிறகு வேறொரு விமானத்தை விலகிப் போகச் சொன்னார். இன்னொன்று ஏதோ கேட்க வந்தது, யாரும் பேச வேண்டாம் என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னார். அறிக்கையில் மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் வேறு விமானங்களின் கணக்கில் வேறு பக்கத்தில் இருக்கிறது. நமக்கு வந்த சுருக்கத்தில் இல்லை.

அதன்பின் ஒன்றுமில்லை. நீங்கள் சொல்கிற முக்கால் நிமிடம்.

ஆனால் அதன் ஆரம்பத்தில் ஒரு சத்தம் இருக்கிறது. டிக், டிக் என்று. நான் கோளாறு என்று நினைத்தேன். சார் நிறுத்தித் திரும்பப் போட்டார். விமானிக்குப் பேச நேரமில்லாதபோது மைக் பொத்தானை இரண்டு தடவை தட்டுவார்களாம். கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். எந்த விதியிலும் இல்லாத பழக்கம், அதனால் அறிக்கையில் சேர்க்கவில்லை. உங்கள் பிள்ளை தட்டியது அது. கடைசியாக அவர் சொன்னது அதுதான்.

இத்துடன் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். நிறுத்த முடியாது. ஏனென்றால் நான் சாரிடம் சொன்னேன், அப்படியென்றால் நீங்கள் அவருக்காகத்தான் பேசாமல் இருந்தீர்கள், இல்லையா என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். அவர் ஒலிப்பதிவுக் கருவியை அணைத்தார்.

"தெரியலம்மா. முதல் பாதி அப்படித்தான். அவனை அவன் பாட்டுக்கு ஓட்ட விடணும்னுதான் இருந்தேன். கடைசியில, சுவரைத் தாண்ட மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்ப ஏதாவது சொல்லணும்னு தோணுச்சு. கட்டை விரல் அசையல. அது பயிற்சியா, பயமா? ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதனாலதான் அந்த நாற்காலி வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்."

சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். அது மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரிகிறது.

மறுதேர்வு நேற்று நடந்தது. அதே அக்கா, அதே இயந்திரக் கோளாறு. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மற்றவர்களை விலக்கினேன். பிறகு பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்து, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த இரைச்சலை முழுக்கக் கேட்டேன். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. தேறிவிட்டேன். யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மனுவைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

'கடமை தவறினார்' என்ற வரியை நான் நம்பவில்லை. ஆனால் நான் கேட்டதை நீங்கள் கேட்கவில்லை, எனவே உங்கள் கையைக் கட்டிப்போட எனக்கு உரிமை இல்லை. அவரிடமும் சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றார். மனு போனால் அவருடைய உரிமம் போகும், இந்த வேலையும் போகும். அனுப்புவதும் அனுப்பாததும் இனி உங்கள் முடிவு.

உங்கள் மருமகள்

*

ஆகஸ்ட் 29

அம்மாடி,

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன்.

தண்ணீர் நினைவிருக்கிறது. எவர்சில்வர் டம்ளர், விளிம்பு நசுங்கியிருந்தது. நல்ல பிள்ளையாக இருக்கிறானே, யாரோ அலுவலக உதவியாளன் போல என்று நினைத்துக்கொண்டு குடித்தேன். இந்த இரண்டு வாரமாக அந்தத் தண்ணீர் தொண்டையில் நிற்கிறது.

நான் அவனை மன்னிக்கவில்லை. இதை அவனிடம் நீ சொல்லலாம். அவனுக்கே தெரியாத ஒன்றை நான் எப்படி மன்னிப்பது?

வக்கீல் நேற்று நேரில் வந்தார். "கையெழுத்து வந்துடுச்சாமேம்மா, குடுங்க, இன்னிக்கே போட்டுடலாம்" என்றார். உள்ளே எடுக்கப் போனேன். உன் மாமனாரின் படத்துக்குக் கீழே இழுப்பறையில் வைத்திருந்தேன். எடுக்கும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது, வேண்டாத நேரத்தில்.

உன் கணவன் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, உன் மாமனார் பின்னாலேயே ஓடுவார். "பிரேக்கைப் பிடி, இடது பக்கம் பார், குழி, குழி" என்று தெருவே அதிரக் கத்துவார். பிள்ளை அப்பா முகத்தைத் திரும்பிப் பார்ப்பான், விழுவான். முழங்கால் ஒரு மாதம் ஆறவில்லை. ஒருநாள் எனக்குப் பொறுக்காமல், வாசலில் நின்று எல்லோர் எதிரிலும், "நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க. அவன் காதால ஓட்டல, காலால ஓட்டறான்" என்றேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளை தெருமுனை வரை போனான், திரும்பினான், வந்தான். விழவில்லை. இறங்காமலே மணியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனான்.

மணியடித்தது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். நான் அதில் எதையும் தேடவில்லை, நீயும் தேடாதே. ஆனால் வாயை மூடச் சொன்னது நான்தான். அதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

வக்கீலிடம் மனு கிடைக்கவில்லை என்றேன். "தேடிப் பாருங்கம்மா, மூணு நாள்தான் இருக்கு" என்றார். தேடுகிறேன் என்றேன். இது உன்னால் நான் சொன்ன இரண்டாவது பொய். நாளை மறுநாள் கழிந்த பிறகு அது கிடைக்கும்.

அந்த நாற்காலியை நான் இன்னும் வெறுக்கிறேன். ஆனால் யாராவது உட்காரத்தான் வேண்டும். கையை மடியில் பிடித்து வைக்கத் தெரிந்தவள் உட்காரட்டும். ஒருநாள் உன் கண் எதிரிலும் ஒன்று விழும். விழாது என்று ஆறுதல் சொல்ல நான் முட்டாள் இல்லை. அன்று நீ அந்த ஆளைப் போல, இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டு தனியாக ஒரு வராந்தாவில் நிற்கக் கூடாது. வீட்டுக்கு வா. முன்பு வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசியில் அழை. எடுப்பேன். பேசுவேன் என்று எதிர்பார்க்காதே, என்னால் முடியுமா என்று தெரியவில்லை. சத்தம் இல்லையென்று நீ பாட்டுக்கு 'கேட்கிறதா, கேட்கிறதா' என்று ஆரம்பிக்காதே. வைத்தும் விடாதே. கொஞ்ச நேரம் அப்படியே இரு.

அத்தை